அரைப் பேர்

உயர்தரத்தில் என்ன படிக்க விருப்பம் என்று பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளிடம் எழுதி வாங்கிய படிவங்கள் முப்பத்தொன்று சதீஸ்குமார் சேரின் மேசையில் கிடந்தன. முப்பதை அவர் ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. ரொஷானியின் படிவத்தைத்தான் தேடி எடுத்தார். உயிரியல் என்று இருக்க வேண்டிய இடத்தில் கலை என்று எழுதியிருந்தாள். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து ஆறு வருஷமாகிறது. இந்தப் பிள்ளை பண்டாரவளையில் பெரிய பாடசாலைக்குப் போய் உயிரியல் படிக்கும் என்று அவர் அடித்துச் சொன்னது ரொஷானி ஒருத்தியைப் பற்றித்தான்.

தகராறு கூர்ப்புப் பாடத்தில் தொடங்கியது. தகராறு என்று சொல்வதும் தப்பு, பிள்ளை கேள்விதான் கேட்டாள். உயிர்கள் கோடிக்கணக்கான வருஷங்களில் மெல்ல மெல்ல மாறி வந்தன, மனிதனும் அப்படித்தான் வந்தான் என்று அவர் சொல்லி முடித்ததும் எழுந்து நின்றாள். கடவுள் ஆறு நாளில் எல்லாவற்றையும் படைத்தார் என்று வேதக் கோயிலில் படிக்கிறோமே, அதைப் பற்றியும் இந்தப் பாடத்தில் பேசலாமா என்று கேட்டாள். பேசக் கூடாது என்பதுதான் அவருடைய கொள்கை. விஞ்ஞானப் பாடத்தில் சோதித்துப் பார்க்க முடிந்ததைத்தான் பேச வேண்டும். மற்றதற்குக் கோயில் இருக்கிறது, சமய பாடம் இருக்கிறது. இதை இப்படியே சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பட்டம் வாங்கிய வாய்க்குக் கொஞ்சம் கொழுப்பும் ஏறிவிடுகிறதே. அப்படியென்றால் கடவுளும் நம்ம தோட்டத்து ஆள்தான், ஆறு நாளும் காலையில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார், ஏழாம் நாள்தான் லீவு போட்டிருக்கிறார் என்றார். வகுப்பே சிரித்தது. ரொஷானியும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அதோடு விட்டாரா? அடுத்த மாதப் பரீட்சையில், மனித இனம் தோன்றிய விதத்தை விளக்கச் சொல்லி நாலு புள்ளிக்கு ஒரு கேள்வி போட்டார். ரொஷானி கூர்ப்பை நாலு வரியில் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். அடியில் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. ஆனாலும் மனிதனைப் படைத்தவர் கடவுள் என்று நான் நம்புகிறேன். அவர் இரண்டு புள்ளிதான் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பாதி கூர்ப்பு, பாதி பைபிள். இதுக்கு அரைப் பேருதான் போடலாம்.”

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கொழுந்து எடுக்கிற பெண் அன்றைக்குக் கேட்ட கிலோவை எடுக்காவிட்டால், நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் பாதி நாள் வேலையாகத்தான் பதிவார்கள். அதற்குப் பெயர்தான் அரைப் பேர். இடைவேளை முடிவதற்குள் அது ரொஷானியின் பட்டப்பெயராகிவிட்டது. அரைப்பேரு, அந்தக் கொப்பியக் குடு. அரைப்பேரு, கதவச் சாத்து. சதீஸ்குமாரின் காதிலும் விழத்தான் செய்தது. கேட்காதவர் மாதிரிக் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா ரெங்கம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். அரைப் பேர் விழுந்த நாளில் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் ரொட்டி தட்டுவார். அதைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு, வேறு சொல்லே கிடைக்கவில்லை.

படிவங்களைக் கொடுக்கிற சாக்கில் அதிபர் இத்ரூஸிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். நீங்கள் செய்தது சரிதான் என்று ஒருவர் சொன்னால் மனசு ஆறும் போல இருந்தது. விஞ்ஞானப் பாடத்தில் படைப்பைப் படிப்பிக்கத் தேவையில்லை என்பதில் தனக்கும் மறுபேச்சு இல்லை என்றார் இத்ரூஸ். சதீஸ்குமாருக்கு மூச்சு வந்தது. அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“படைச்சவன் ஒருத்தன் இருக்கான்னு நம்புறவன்தான் சேர் நானும். எனக்கும் அரைப் பேர்தானா?”

செவ்வாய்க்கிழமை வரைக்கும் படிவங்களை அனுப்பாமல் வைத்திருப்பதாகச் சொல்லி அதிபர் ரொஷானியின் படிவத்தை மட்டும் சதீஸ்குமாரிடமே திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை பின்னேரம் ரொஷானியின் வீடு இருந்த லயத்துக்குப் போனார். அவளுடைய அம்மா செபஸ்தியம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சேரைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார். ரொஷானி அடுப்பில் கேத்தலை வைத்தாள். செபஸ்தியம்மாவுக்கோ சேர் வந்ததில் தலைகால் புரியவில்லை.

“அந்தக் கேள்விய தப்பா எழுதிட்டாளாமே சேர். தப்புக்கும் நீங்க பாதி மார்க்ஸ் போட்டீங்கன்னு சொன்னா. ஒங்களுக்கு நல்ல மனசு. எங்களுக்குப் பேர் போடுற கணக்கப்புள்ளைக்கு அந்த மனசு எங்க இருக்கு? மொழங்கால் வலியோட நின்னு எடுத்தும் இந்த மாசம் எனக்குப் பாதி நாளு அரைப் பேருதான்.”

ரொஷானி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை. அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் இன்னொரு தரம் வரக் கூடாது என்பதற்காகச் சரியாக எழுதியதைத் தப்பு என்று சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். சதீஸ்குமாருக்கு அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. நல்ல மனசு என்ற பெயரோடு பிளேன்டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போய்விடலாம்தான். எழுந்து நின்றார்.

“அவ தப்பா எழுதலைங்க, சரியாத்தான் எழுதியிருந்தா. நான்தான் அரைப் பேருன்னு சொல்லி வகுப்பே சிரிக்கிற மாதிரி பண்ணிட்டேன். இப்ப புள்ளைங்க அவள அப்பிடித்தான் கூப்புடுறாங்க. என்னைய மன்னிச்சிடுங்க.”

செபஸ்தியம்மா ஏசியிருந்தால்கூடத் தேவலை. மடித்த படங்கை மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் அம்மாவும் மலைக்குப் போனவர்தானே என்று மட்டும் கேட்டார். ஆமாங்க என்றார் சதீஸ்குமார்.

அவர் ரொஷானியிடம் திரும்பினார். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதாகவும், நாலு புள்ளியும் போடுவதாகவும் சொன்னார். படிவத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“கூர்ப்பு பொய்யின்னு நான் சொல்லவே இல்ல சேர். அது எனக்கு நல்லா வெளங்குச்சு. ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டு எப்பிடி இருக்கிறதுன்னுதான் கேக்க வந்தேன்.”

முப்பது பிள்ளைகள் அந்தப் பாடத்தை மனப்பாடம் பண்ணிப் பரீட்சைத் தாளில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இவள் ஒருத்திதான் அதை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் யோசித்திருக்கிறாள். விஞ்ஞானம் படிக்கப் பிறந்த பிள்ளை இதுதான் என்பது அவருக்கு இப்போது உறைத்தது. என்ன பண்ணுவது, அவளை விரட்டியது அவரேதான்.

படிவத்தை மாற்றி எழுது என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

“வேணாம் சேர். பண்டாரவளையிலயும் ஒரு சயன்ஸ் சேர் இருப்பாருதானே.”

கோபத்தில் சொல்லவில்லை. அங்கேயும் இவரை மாதிரி ஒருவர் இருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.