தவக்காலத்து மருந்து

பெரியாற்றில் அணை பாதி எழும்பியிருந்த வருஷம் அது. இருதயம்மாளின் மகள் பிலோமினா பிறந்து ஆறேழு மாதமாகியும் அவள் அழுது யாரும் கேட்டதில்லை. கிடத்திய இடத்திலேயே கிடப்பாள். பாலுக்குக்கூட எழுப்ப வேண்டும்.

"தங்கமான புள்ள" என்று கோயிலுக்கு வரும் பெண்கள் மெச்சினார்கள். இருதயம்மாளுக்கு அந்த மெச்சல் கசந்தது. பிள்ளையின் உடம்பு தொட்டால் சில்லென்றிருந்தது. தடித்த நாக்கு உதட்டுக்கு வெளியே நின்றது.

அவள் புருஷன் பங்கிராஸ் அணை வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றிப்போகும் வண்டிக்காரன். ஒரு நடை தாயையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மலையடியில் வேலையாட்களுக்காகப் போட்டிருந்த ஆஸ்பத்திரியில் இறக்கினான். வெள்ளைக்கார டாக்டர் பிள்ளையின் கழுத்தை வெகுநேரம் தடவிப் பார்த்தார். அவர் சொன்னதைக் காயம் கட்டும் டிரஸ்ஸர் ஞானசிகாமணி தமிழில் சொன்னார்.

"தொண்டையில ஒரு சுரப்பி இருக்கும்மா. ஒடம்புக்குச் சூடும் சுறுசுறுப்பும் அதுதான் குடுக்கும். ஒங்க புள்ளைக்கு அது வேலை செய்யல. சீமையில இப்பத்தான் வழி கண்டிருக்காக. ஆட்டுக் குரல்வளைக்கு ரெண்டு பக்கமும் அதே சதை ஒட்டியிருக்கும். லேசா வதக்கி அரைச்சு, நகக்கண் அளவு தெனமும் கஞ்சியில குடுங்க. கூடிப்போனா நெஞ்சு படபடக்கும், சூதானம்."

ஊரில் ஆடு அறுக்கும் இஞ்ஞாசிமுத்து அந்தச் சதையை எடுத்து வைத்துக் கொடுத்தார். மெல்ல மெல்லப் பிள்ளையின் உடம்பில் சூடு ஏறியது. நாக்கு உள்ளே அடங்கியது. ஒரு மத்தியானம் பால் பிந்தியதற்குத் தெருவே திரும்பிப் பார்க்க அலறினாள். இருதயம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

சாம்பல் புதன் வந்து தவக்கால நோன்பு தொடங்கியது. ஊரில் கறி நின்றது; இஞ்ஞாசிமுத்துவும் ஆடு அறுக்கவில்லை.

"அதான் தேறிட்டாள்ல, நோன்பு முடிஞ்சு பாஸ்கா கழிச்சுப் பாத்துக்கிரலாம்" என்றான் பங்கிராஸ். அவளும் சரியென்றாள்.

தவக்காலம் பாதி கழிவதற்குள் பிள்ளை மறுபடி குளிர்ந்து, முலையை மறந்து தூங்கத் தொடங்கினாள். இருதயம்மாள் யாரையும் கேட்கவில்லை. விடிந்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உத்தமபாளையத்துக்கு நடந்தாள். அங்கே கறிக்கடை ராவுத்தரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"ஒங்க சாமியாரு ஏசமாட்டாராத்தா?"

"ஏசுனா நான் வாங்கிக்கிறேன், ராவுத்தரே. புள்ள இப்பிடிக் கிடக்கக் கூடாது."

அவர் கத்தி நுனியால் அந்தச் சதையை அலுங்காமல் எடுத்து வாழையிலையில் மடித்தார். "தெனமும் வா. ஒனக்குன்னு எடுத்து வைக்கிறேன்."

திரும்பும் வழியில் அவளே கோயிலில் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டார். "கைப்புள்ளைக்கு ஏதும்மா ஒருசந்தி நோன்பு? போய் அடுப்பை மூட்டு."

அன்று பங்கிராஸே அம்மியில் உட்கார்ந்து அரைத்தான்.

"எம்புட்டு நாளைக்கு இருதயம்?"

"அவ இருக்குற வரைக்கும்."

அவன் தலையாட்டிவிட்டு விழுதை வழித்துக் கொடுத்தான்.

பிலோமினா பிந்தித்தான் நடந்தாள்; அதைவிடப் பிந்தித்தான் பேசினாள். ஆனால் பேச வந்தபிறகு, தவக்காலந்தோறும் உத்தமபாளையம் போகும் வழியெல்லாம் கண்டதற்கெல்லாம் பேர் கேட்டாள். இருதயம்மாள் சலிக்காமல் சொல்லிக்கொண்டே நடந்தாள்.