ராவுத்தர் வீட்டு விமான இன்ஜின்

பேகம்பூரில் சனாவுல்லா ராவுத்தரின் தோல் மண்டிக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது இன்ஜின்தான். கல் மேடையில், நாலு சிலிண்டரும் மேலே பார்க்க நிற்கும். உலகச் சண்டை முடிந்து ராணுவச் சாமான்களை ஏலம் விட்டபோது அவருடைய தகப்பனார், வீட்டு வழக்கில் அத்தா, எடுத்தது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தின் இன்ஜின். விமானம் எங்கே என்று கேட்பவர்களுக்கு அந்த மண்டியில் டீ கிடையாது.

சிலிண்டர் ஏன் மேலே பார்க்கிறது என்று சிறு வயதில் ராவுத்தர் ஒருமுறை கேட்டிருக்கிறார். அத்தா வாசலில் நின்ற லாரியின் இன்ஜினைக் காட்டினார்.

"அதுக்கு எப்படியோ, இதுக்கும் அப்படித்தான்."

அத்தா போட்ட சட்டம் இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் பிளக் ஓட்டை வழியே சிலிண்டர்களுக்குள் ஆயில் ஊற்றி, தக்கையால் அடைக்க வேண்டும். வீட்டில் நிக்காஹ் நடந்தாலும் மௌத்து விழுந்தாலும் அது நின்றதில்லை.

மகன் ரஃபி இன்ஜினைக் கிட்டத்தில் படம் எடுத்து, பழைய விமானங்களைச் செப்பனிடும் பெலிக்ஸுக்கு அனுப்பினான். சாணார்பட்டிக்காரர், இருப்பது பெங்களூரில். மறுநாளே ராவுத்தருக்குப் போன் வந்தது.

"ஐயா, இந்த இன்ஜின் நாட்டுலயே ரெண்டு மூணுதான் மிச்சம். நாங்க போடுற புத்தகத்துல உங்க குடும்பப் பேரோட வரணும். படத்தை மட்டும் தலைகீழா அனுப்பிட்டீங்க. இதுல சிலிண்டர் கீழ தொங்கும். அப்பத்தான் ஓட்டுறவருக்கு முன்னால மறைக்காது."

ராவுத்தர் சுவரைப் பார்த்தார். மாட்டியிருந்த படத்தில் அத்தா துருக்கித் தொப்பியோடு, மேலே பார்க்கும் சிலிண்டர்மேல் கை வைத்து நின்றிருந்தார்.

"ஆமா தம்பி," என்றார். "படந்தான் தலைகீழா வந்துருச்சு."

"சனிக்கிழமை நேர்ல வாரேன் ஐயா."

சொன்ன சொல்லை மெய்யாக்க இடையில் ஒரு வெள்ளிதான் இருந்தது. பேகம்பூர் பார்க்க இன்ஜினைத் திருப்பினால், அத்தாவின் தவறு அன்று மாலையே பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும். ஜும்ஆ தொழுகை நேரத்தில்தான் தெருவில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். அந்நேரம் வேலைக்கு வரக்கூடியவர் லாரி மெக்கானிக் ராயப்பராஜ். அவருக்கு மாதா கோயில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

"நல்லா நிக்கிற இன்ஜினை எதுக்குப் பாய் கவுக்கணும்?"

"இப்பத்தான் கவுந்து நிக்குது."

"அப்ப இம்புட்டு நாளா?"

"வேலையப் பாரப்பு."

மனைவி தாஹிராவைக் காவல் வைத்துவிட்டு ராவுத்தர் தொழப் போனார். திரும்பி வந்தபோது இன்ஜின் இரும்புச் சட்டத்தில் சிலிண்டர் தொங்க நின்றது. அடியில் வீட்டுப் பிரியாணி அண்டா.

"தக்கை பிடுங்கிக்கிட்டு ஆயில் அம்புட்டும் கொட்டிருச்சுங்க," என்றாள் தாஹிரா. "நாளைக்கு வாரவருக்கு எதுல ஆக்க?"

ராவுத்தர் அத்தாவின் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தார்.

பெலிக்ஸ் வந்ததும் மண்டியிட்டு உட்கார்ந்து, இன்ஜினின் சுழல் தண்டைக் கையால் பிடித்துத் திருப்பினார். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"நான் பாத்ததெல்லாம் துருப்பிடிச்சு இறுகிப் போனதுங்கய்யா. இப்படித் தொங்க வச்சா, ஊத்துற ஆயில் சிலிண்டருக்குள்ள தங்காது. சிலிண்டர் மேல பாக்கக் கவுத்து வச்சு ஊத்தியிருந்தா அதெல்லாம் தப்பிச்சிருக்கும். அம்புட்டு யோசனை யாருக்கு வரும்? இது தப்பிச்சது அதிர்ஷ்டம். புத்தகத்துல அப்படியே போட்டுர்றேன்."

அத்தாவின் வெள்ளிக்கிழமைகள் அத்தனைக்கும் அதிர்ஷ்டம் என்று பெயர் விழப்போகிறது. ராவுத்தர் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"தாஹிரா, அந்தப் படத்தை எடுத்துட்டு வா."

பெலிக்ஸ் படத்தை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். அத்தா தலையால் நின்றார். மறுபடி நேராக்கிவிட்டு ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அத்தா தெரிஞ்சேவா இப்படி வச்சாங்க?"

"எங்க அத்தா தெரியாம எதையும் வச்சதில்ல."

பெலிக்ஸ் அதை எழுதிக்கொண்டார். ராவுத்தர் வாசலுக்குப் போய்ப் போன் போட்டார்.

"ராயப்பராஜ், வர்ற வெள்ளியும் வரணும். இன்ஜினைப் பழையபடி திருப்பணும்."

"ஜும்ஆ நேரத்துக்குத்தானே பாய்?"

"வேணாம். தொழுகை முடியட்டும். தெருவுல எல்லாரும் இருக்கையில வா."