செவ்வாய்க்கிழமை முத்திரை

ஒரு நாளைக்குப் பத்து வக்கீலாவது போன் செய்து என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "மேடம், மனு போடக் கடைசி நாள் லீவுல விழுதே, என்ன பண்றது?" "அடுத்த வேலை நாள்ல கொண்டு வாங்க." சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அமெரிக்காவில் ஒரு மாநில உயர் நீதிமன்றத்தில் ஜட்ஜ் ரிட்டருக்குச் செயலாளராக முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள், எனக்கா தெரியாது என்ற திமிர் எனக்கு உண்டு. ஃபென்டன் அந்தத் திமிரைத்தான் பிடித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஜட்ஜுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. என்னிடம் மட்டும் அவருடைய ஒரு கடிதம் இருந்தது. எங்கள் நீதிமன்றத்தில் வயதான ஜட்ஜுகள் தேதி போடாத ராஜினாமாவில் கையெழுத்திட்டுச் செயலாளரிடம் கொடுத்து வைப்பார்கள். இவர் இரண்டு வருடம் முன்பு கொடுத்தார்.

"என்னால பேச முடியாமப் போனா தேதியைப் போட்டுக் குடுத்துடு, வெர்னா. ஆனா நேரத்தோட குடு. இந்த நாற்காலிக்கு ஆளை ஜனங்க ஓட்டுப் போட்டு எடுக்கணும். கவர்னர் கையில விழக் கூடாது" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே சொந்த உதவி அது.

விஷயம் இவ்வளவுதான். கெடுவுக்குள் கடிதம் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்விட்டால், நவம்பர் தேர்தலில் அந்த இடத்துக்கும் ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள். கெடு தாண்டிப் போனால், இப்போதைய கவர்னர் தனக்கு வேண்டிய ஆளை உட்கார வைத்துவிடலாம். நவம்பரில் கவர்னர் தோற்பது உறுதி, பெட்ரோல் பங்க்கில் நிற்பவனுக்குக்கூடத் தெரியும். போகிற போக்கில் ஒரு நாற்காலியைப் பிடித்துவைத்துவிட்டுப் போகத் துடித்தார்கள். கெடுவின் கடைசி நாள் திங்கட்கிழமை. செப்டம்பரின் முதல் திங்கள், இங்கே தொழிலாளர் தினம், ஊரே விடுமுறை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். கவர்னரின் சட்ட ஆலோசகன் ஃபென்டன் வந்தான். நாற்பது வயது, வழுவழு முகம், கையில் பட்டைத்தூள் தூவிய கேக்.

"சாப்பிடுங்க மேடம். காலையிலேர்ந்து பட்டினியாமே, நர்ஸ் சொன்னாங்க."

"கேக் குடுக்க அஞ்சு மாடி ஏறி வந்தியா? வந்த விஷயத்தைச் சொல்லு."

"அந்தக் கடிதம் உங்ககிட்ட இருக்குன்னு ஊருக்கே தெரியும். குடுக்காதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா மனுஷன் படுக்கையில இருக்கும்போது வேலையைப் பறிக்கணுமா? சனி ஞாயிறுல பேச்சு திரும்பலாம்னு டாக்டர் சொல்றார். பொறுத்துப் பாருங்களேன்."

"கெடு?"

"திங்கக்கிழமை லீவாச்சே. லீவுல விழுந்தா என்ன கணக்கு மேடம்? உங்களுக்குத் தெரியாததா?"

"செவ்வாய்க்கிழமை" என்றேன். கிளி மாதிரி சொன்னேன். பாவி தலையை ஆட்டிக்கொண்டு கேக்கை வெட்டினான். நானும் இரண்டு துண்டு தின்றேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவன் சொன்னதில் எனக்கும் ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். அவர் எழுந்து பேசுவார், கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று மூன்று நாளும் பக்கத்திலேயே கிடந்தேன். பேச்சு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, தேதியைப் போட்டு, தேர்தல் அலுவலக ஜன்னலில் நீட்டினேன். உள்ளே இருந்த மார்லா வாங்கினாள், டக்கென்று முத்திரை குத்தினாள், அப்புறம்தான் படித்தாள்.

"மேடம், இது வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட முடிஞ்சுபோச்சே."

"என்ன உளர்றே? நேத்து லீவு. அப்ப இன்னைக்குதானே?"

"அது கோர்ட்டுக் கணக்கு. தேர்தலுக்கு அப்படி இல்லை. லீவுல விழுந்தா அதுக்கு முந்தின வேலை நாள்தான் கடைசி. ஓட்டுச் சீட்டு அச்சுக்குப் போகணும்ல."

ஜன்னலுக்குள் கையை நீட்டினேன். "அப்ப திருப்பிக் குடு."

"முத்திரை விழுந்தாச்சு மேடம். அவர் இப்ப ஜட்ஜ் இல்லை."

கடிதத்தை நான் பையிலேயே வைத்திருந்தாலாவது அவர் பெயருக்கு ஜட்ஜாக இருந்திருப்பார். ஜனவரியில் கொடுத்திருந்தால், புதிதாக வரும் கவர்னர் யாரையாவது போட்டிருப்பார். வெள்ளிக்கிழமை கொடுத்திருந்தால் ஜனங்கள் கையில் போயிருக்கும். இரண்டையும் விட்டுவிட்டு, அவர்களுக்கு வேண்டிய நாளில் வேண்டிய தாளை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை கவர்னர் புது ஜட்ஜை அறிவித்தார். ஃபென்டன்.

சாயங்காலமே அறையைப் பார்க்க வந்துவிட்டான். நான் ஜட்ஜின் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் ஒரு பொய்யாவது சொன்னேனா மேடம்? கேள்விதான் கேட்டேன். பதில் நீங்க சொன்னது."

"நீ பொய் சொல்லலை. அதுதான் அசிங்கம்."

"கோபம் ஆறினதும் யோசிங்க. உங்களை மாதிரி அனுபவசாலி எனக்கு வேணும்."

"முதல்ல அந்த ஜன்னலை மூடு, தூசி வருது" என்றேன். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் ஜட்ஜுக்கு ஒன்றிரண்டு சொல் வர ஆரம்பித்தது. கட்டிலைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார்.

"ஓட்டு..." என்றார். "ஓட்டு உண்டா?"

பொய் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. கேக்கிலிருந்து முத்திரைவரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்து ஒரு சொல்லைச் சொன்னார்.

"படிச்சியா?"

தேர்தல் சட்டத்தை நான் படித்தேனா என்று கேட்கிறார். அரைகுறையாக வந்து நிற்கும் சின்ன வக்கீல்களிடம் அவர் கேட்கிற கேள்வி அது. கேட்டால் அவர்கள் காது சிவக்கும். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் அதை அவர் என்னிடம் கேட்டதில்லை. அந்தச் சட்டப் புத்தகம் இத்தனை வருடமும் அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது.

"இல்லை" என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.