பள்ளிக்கூட மாடியில் விழும் வெயில்

…அப்படியானால் தன் சமையலறையில் எரிவது எந்த வெளிச்சம் என்று இரண்டாம் மாடித் திருப்பத்தில் நெரைதாவுக்கு மறுபடியும் குழம்பியது, வெயிலில் கரண்ட் எடுக்கும் சூரியப் பலகைகள் இருப்பதோ ஆறு தெரு தள்ளிப் பள்ளிக்கூட மாடியில், அங்கிருந்து இந்தக் கட்டிடத்துக்கு ஒரு வயர்கூட வரவில்லை, அவளே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள், வாடகைதாரர் சங்கத்துப் பெண் எத்தனை பொறுமையாகச் சொன்னாள், பொது வயர்ல போய்க் கலந்துடும் அக்கா, ஆத்துல ஒரு வாளி தண்ணி ஊத்துற மாதிரி, உங்க பங்குக்கு உள்ளதை பில்லுல கழிச்சுடுவாங்க என்று, கேட்கும்போது புரிந்தது, வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் புரியாமல் போய்விட்டது. சோற்றுப் பாத்திரத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். லிஃப்ட் ஈஸ்டரிலிருந்தே ஓடவில்லை. பிராங்க்ஸ் வட்டாரம் முழுக்க இன்று வெயில் எச்சரிக்கை, வயதானவர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று காலையிலிருந்து ரேடியோவில் சொல்கிறார்கள், போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல எவ்வளவு சுலபம்… போன வாரம் எதிர்க் கட்டிடத்திலிருந்து ஒரு கிழவரை முகம் மூடித் தூக்கிப் போனார்களே, அவர் வீட்டிலும் ஜன்னலில் ஏசி இருந்தது, ஓடாத ஏசி.

நாலாம் மாடியில் பெரியவர் டோன் பெலிசியோவின் ஜன்னலிலும் இருக்கிறது, ஓடாத ஏசி. பள்ளிக்கூடத்துச் சூரியக் கரண்ட்டில் பங்கு சேரச் சொல்லி அவரிடம் பேச அவளைத்தான் சங்கத்தில் அனுப்புகிறார்கள், நீங்க சொன்னா கேப்பார் அக்கா என்று, கேட்பாரா என்ன, தனியாக இருந்து இருந்து இரும்பாகிப்போன மனிதர். அவர்மேல் தப்பும் இல்லை. சில வருடங்களுக்கு முன் கழுத்தில் அட்டை தொங்கவிட்டு ஒரு பையன் வந்தான், மலிவாகக் கரண்ட் தருகிறோம் தாத்தா, இங்கே ஒரு கையெழுத்து என்றான், இனிக்க இனிக்கப் பேசினான், அதற்குப் பிறகு பில் வீங்கிக்கொண்டே போய்க் குளிர்காலத்தில் கரண்ட்டையே வெட்டிவிட்டார்கள், இன்சுலின் குப்பிகளை ஜன்னல் விளிம்பில் பனிக்குள் புதைத்துவைத்திருந்தார் மனிதர், கேட்டால், பாத்தியா, ஐஸ்பெட்டி ஓசியில ஓடுது என்று சிரித்தார். அந்தப் பையனும் சூரியன் காற்று என்றெல்லாம்தான் பேசினானாம். இப்போது நான் போய் நிற்கிறேன், கழுத்தில் அட்டைதான் இல்லை… என்னத்தைச் சொல்வேன்? என் பில் குறைந்தது என்றா? குறைந்தது, உண்மை, ஆனால் அந்த மாதம் இரண்டு வாரம் பிலடெல்பியாவில் மகள் வீட்டில் அல்லவா இருந்தேன், குறைந்தது சூரியனாலா, நான் வீட்டில் இல்லாததாலா? அந்த பில்லில் கழிவு என்று ஒரு வரி இருந்தது, அதற்கு முந்தைய பில்லிலும் அது இருந்ததா என்று பார்க்கலாமென்றால் அதைக் கிழித்துப் போட்டாயிற்று. சங்கத்துப் பெண்ணைக் கேட்க வெட்கமாக இருந்தது, ஊரையெல்லாம் சேரச் சொல்லி அலைகிறவள் போய் இதைக் கேட்பதா.

கதவைத் தட்டினாள். சத்தமில்லை. இன்னொரு தரம் தட்டினாள், உள்ளே நாற்காலி நகரும் ஒலி வரும்வரை அவள் மூச்சுவிட்டாளா என்றே தெரியவில்லை. கதவு திறந்தது, அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது, பனியனோடு அவர், கழுத்தில் ஈரத் துண்டு. பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்து, பீன்ஸா, உங்க ஊர்க்காரங்க இதுல சர்க்கரை போட்டுல்ல தின்பீங்க, உப்புப் போட்டிருக்கியா என்று ஆரம்பித்தார். அது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாளுக்கு மட்டும் டோன் பெலிசியோ, வருஷம் பூரா உங்க தீவுக்காரங்க இதையே சொல்லிக் கொல்லுங்க என்றாள், வழக்கமாக வருகிற பதில்தான், ஆனால் அவர் சிரிக்கும்போது உதடு வெடித்திருந்ததைப் பார்த்தாள், மின்விசிறியைக்கூட நிறுத்திவைத்திருந்ததைப் பார்த்தாள்.

“இன்னைக்காவது சேந்துடுங்க. விரலால கையெழுத்து, என் போன்லயே போட்டுடலாம்.”

“பலகை பள்ளிக்கூடத்து மேல. வெயில் அங்க விழுது. எனக்கு எப்படிம்மா குறையும்?”

ஆறு, வாளி, தண்ணீர் என்று ஆரம்பித்தாள், பாதியில் அவளுக்கே குழம்பியது.

“நீ சுத்தி வளைக்காத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்குக் குறைஞ்சிச்சா?”

பிலடெல்பியா என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்கள் கலங்கலாக, வெயிலாலா வயதாலா தெரியவில்லை, அவளையே பார்த்தன. “குறைஞ்சிச்சு” என்றாள். ஒரே சொல்தான், பொய்யில்லை, உண்மையும்… என்ன அது, பாதி வெந்த சோறு மாதிரி ஒன்று. அவர் போனை வாங்கினார், சுட்டுவிரலைப் பனியனில் துடைத்துக்கொண்டார், பெலிசியோ என்று கோணல்மாணலாக எழுதினார், கடைசி எழுத்து திரைக்கு வெளியே போயிற்று. அவ்வளவுதான். எழுந்து போய் ஏசியைத் தட்டிவிட்டார். அது இருமி, தூசி கக்கி, ஓட ஆரம்பித்தது. ஐயோ, இன்றைக்கே இல்லை, பில்லில் குறைய இரண்டு மூன்று மாதமாவது ஆகும், இந்தக் கோடைக்கு ஒன்றும் வராது, சொல்லடி, வாயைத் திற… திறக்கவில்லை. குளிர் காற்று அவள் முதுகில் ஒட்டியிருந்த சட்டையைத் தொட்டது, தோள்கள் தாமாக இறங்கின, நின்றுகொண்டே அரை நிமிடம் தூங்கிவிட்டாளோ என்னவோ. அவர் தட்டில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தாங்க முடியாமல் சொன்னாள், டோன் பெலிசியோ, கழிவு உடனே வராது, இலை உதிர்கிற நேரம் ஆகிடும், அதுவரைக்கும் முழு பில்லும் நீங்கதான்… அப்புறம், எனக்குக் குறைஞ்சப்ப நான் ரெண்டு வாரம் ஊர்ல இல்ல. அவர் பல் குத்தியபடி தலையாட்டினார். “லேட்டாகும்னு தெரியும். அந்தச் சங்கத்துப் பொண்ணு போன வாரமே சொல்லிட்டா. நீ ஊர்ல இல்லாததும் தெரியும். ரெண்டு வாரம் எனக்குச் சோறு வரலியே.” அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க, ஏசியை எதுக்குப் போட்டீங்க என்று கேட்டாள், குரல் அழுகிற மாதிரி வந்தது. “மாடி ஏறி வந்து மூஞ்சி செவந்து நிக்கிற. விழுந்து கிழுந்து வெச்சா நான் யாரைக் கூப்பிடுவேன்?” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார், ஏசியை நிறுத்தாமல்.

படிக்கட்டில் அதே வெக்கை. இறங்கினாள், நின்றாள், இவர் என்னை நம்பிப் போட்டாரா, எனக்காகப் போட்டாரா, இரண்டும் ஒன்றா… உனக்குக் குறைஞ்சிச்சா என்று அவர் கேட்ட கேள்வியை இத்தனை நாளும் தானே யாரிடமாவது கேட்கத்தான் இந்த மாடியை ஏறிக்கொண்டிருந்தோமோ, சரியாத்தான் செஞ்சிருக்க நெரைதா என்று ஒருவர் சொல்ல வேண்டுமென்று? அவரும் சொல்லவில்லையே. கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். அது பதில்தானா என்று யோசித்தபடி கைப்பிடிக் கம்பியைப் பற்றினாள், கம்பி சுட்டது, விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.