வெயில் குடிக்கிற வாட்ச்

அந்த வணிக வளாகத்துக்குத் துணி வாங்க வருகிறவர்களும் சினிமா பார்க்க வருகிறவர்களும் உள்ளே நுழைந்ததும் அப்பாடா என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தக் குளுமைக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அவர் மூன்றாவது பேஸ்மென்டில், ஏ.சி. பிளான்ட் அறையில் இருப்பார். ராட்சத மெஷின்கள், தடித்தடியாய்க் குழாய்கள், சுவர் முழுக்க முள் வைத்த மீட்டர்கள். விடிவதற்கு முன்னால் இறங்கினால் இருட்டிய பிறகுதான் ஏறுவார். சாப்பாடும் மெஷின் பக்கத்திலேயேதான். லீவு நாளில்கூட மனசு கேட்காமல் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்குப் பாதாளம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதில் ஏதோ மரியாதை இருப்பதாகவே நினைத்துக்கொண்டார்.

மனுஷன் லேசில் மசிகிற ஆள் இல்லை. கம்பெனி டாக்டர் பரிசோதித்துவிட்டு, எலும்பில் சத்தே இல்லை, தினமும் கொஞ்ச நேரமாவது வெயிலில் நில்லுங்கள் என்று சொன்னார். பாதாளம் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு நேரே பேஸ்மென்டுக்கு இறங்கிப் போய்விட்டார். மனைவி சொல்லிப் பார்த்தாள். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கும் மகள் போனில் கெஞ்சினாள், சண்டை போட்டாள், கொஞ்ச நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்: நான் மேலே வந்தால் மெஷினை யார் பார்ப்பது? முழங்கால் வலிக்கு மட்டும் தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

அப்புறம் ஒருநாள் மகள் தன் பிடிவாதத்தை விட்டுவிட்டவள் போல அவருக்கு ஒரு பார்சல் அனுப்பினாள். பிரித்தால் வாட்ச். ஓட்டப்பந்தயக்காரர்கள் கட்டுகிற மாதிரி, கறுப்பு ரப்பர் பட்டையோடு, தடிமனாக. முள்ளும் உண்டு, அடியில் எண் ஓடுகிற சின்னக் கண்ணாடியும் உண்டு. பேட்டரியே மாற்ற வேண்டாம், வெளிச்சம் பட்டால் போதும், தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்று போனில் சொன்னாள். அவள் கையிலும் இதே வாட்ச்தானாம்.

பாதாளத்துக்கு ஒரு பக்கம் பூரிப்பு, ஒரு பக்கம் சிரிப்பு. நாள் முழுக்க மைதானத்தில் நிற்கிற பெண், தனக்குப் பொருந்தினது அப்பாவுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டாள், பாவம். சூரியனையே பார்க்காதவன் கையில் சூரிய வாட்ச். கூட வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான். அவனுக்குக் கரண்ட் என்று பட்டப்பெயர். மொட்டைமாடியில் மெஷின் தண்ணீரை ஆறவைக்கிற கூலிங் டவர்களைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான்.

சிரித்தாலும் பாதாளம் வாட்சைக் கழற்றவில்லை. மீட்டரைப் பார்க்கிற அதே கண்ணால் அதையும் எடைபோட்டார். முள் இருந்தது அவருக்கு முதலில் பிடித்தது. எண்ணை நின்று படிக்கணும், முள்ளைப் போகிற போக்கில் பார்த்தாலே போதும் என்பது அவர் கட்சி. குழாயில் இடித்தால் கீறல் விழவில்லை. பம்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தபோதும் அசரவில்லை. அதே சமயம் நொட்டை சொல்லவும் விஷயம் இருந்தது. பெரிய முள் சரியாகத் தேதிக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். பட்டன்களை அழுத்த நகம் வேண்டும். அலாரம் கொசு மாதிரி கத்தும், மெஷின் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? விளக்கு மினுக்கென்று எரிந்து, பார்ப்பதற்குள் அணைந்துவிடும்.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். பெரிய குறை ஒருநாள் காலையில் தெரிந்தது. முழுக்கைச் சட்டைக்குள்ளேயே வாரக்கணக்கில் கிடந்த வாட்சில் எண்கள் அழிந்துபோயிருந்தன. இரண்டு முள்ளும் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்ந்து கைகூப்பி நின்றன.

அடுத்த மாசம் பள்ளிக்கூட லீவுக்கு மகள் வருகிறாள். வந்ததும் கையைத்தான் பிடித்துப் பார்ப்பாள். நின்றுபோன வாட்சைப் பார்த்தால், அப்பாவுக்கு ஆகாத பொருளை வாங்கிவிட்டோமே என்று அவள் முகம் சுருங்கிப்போகும். சண்டை போட்டு, பேசாமல் இருந்து, அதையெல்லாம் மறந்து ஆசையாக அனுப்பின பெண். அந்த முகத்தை மட்டும் அவரால் பார்க்க முடியாது.

வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தார். எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர், வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிளான்ட் அறையின் டியூப்லைட்டுக்கு அடியில் வைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் ஒரு பெரிய ஹாலஜன் விளக்கைக் கொண்டுவந்து அதன் மூக்குக்கு நேரே வாட்சை வைத்தான். கொஞ்ச நேரத்தில் ரப்பர் வாடை வர, பாதாளம் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். கடைசியில் கரண்டிடமே கொடுத்து மாடிக்கு அனுப்பினார். அவன் கூலிங் டவர் ஏணியில் மாட்டிவிட்டு மறந்து இறங்கிவிட்டான்.

"எங்கேயும் போயிடாது அண்ணே, சாயந்திரம் எடுத்துட்டு வரேன்" என்றான்.

"காக்கா கொத்திட்டுப் போனா என் பொண்ணுகிட்ட நீ வந்து சொல்லுவியா?" என்று கேட்டுவிட்டு, மெஷினை அவன் தலையில் கட்டிவிட்டு, பாதாளம் தானே லிஃப்ட் ஏறினார்.

மாடிக் கதவைத் திறந்ததும் கண் கூசி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டார். நடுப்பகலில் ஆகாயத்தைப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. வாட்ச் ஏணியில் பத்திரமாகத் தொங்கியது. கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். சட்டைக் கை மறைத்ததால் முழங்கை வரை சுருட்டிவிட்டார். எதிரே கூலிங் டவரில் தண்ணீர் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்து அவர் தள்ளிவிடுகிற தண்ணீர்தான், இங்கே வந்து சூட்டை உதறிவிட்டுத் திரும்பப் போகிறது. இத்தனை வருஷமாக மெஷினில் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. டவர் காற்றாடியின் பெல்ட் ஒன்று தொளதொளவென்று ஓடியது. அதைக் கரண்டிடம் சொல்லிச் சரிசெய்த மறுநாள், பேஸ்மென்டில் வெகுநாளாகத் துடித்துக்கொண்டிருந்த ஒரு மீட்டர் முள் அடங்கி நின்றது.

அதற்கப்புறம் மாடி ரவுண்டு அவருடையதாகிவிட்டது. மெஷினைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கரண்ட் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். மாடி வெயிலில் காய்வது அவனுக்கும் கஷ்டம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏறி, கையை நீட்டிக்கொண்டு டவர்களைச் சுற்றி வருவார். ஒருநாள் எந்தப் பட்டனையோ அழுத்தப்போக, இரண்டு முள்ளும் மரியாதையாக ஒதுங்கித் தேதிக்கு வழிவிட்டன. இவ்வளவு நாள் அதைத் திட்டினதற்கு மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சார்ஜ் அடையாளம் மெதுவாக மேலே ஏறியது. தைலம் தேய்க்க மறந்துபோன நாட்களும் வந்தன. அதை அவர் கவனிக்கவில்லை, மனைவி கவனித்தாள்.

மகள் வந்தாள். நினைத்தது போலவே செருப்பைக் கழற்றினதும் அப்பாவின் கையைத்தான் பிடித்தாள். வாட்சைப் பார்த்தாள். பிறகு முழங்கையைத் திருப்பி, சட்டை சுருட்டின இடத்தில் கறுத்திருந்த கோட்டைப் பார்த்தாள். அதைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பாதாளத்துக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை நாள் மறைத்துவைப்பது? வாட்ச் நின்றுபோனதையும், ஹாலஜன் கதையையும், தினமும் அதற்காகவே மாடி ஏறுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வாட்ச் தங்கமான வாட்ச்தான், பேஸ்மென்டில் இருக்கிறவனுக்குத்தான் சரிப்படாது, கடைக்காரன் விவரமாகச் சொல்லியிருக்கலாம் என்று தயங்கித் தயங்கி முடித்தார்.

"சொன்னாருப்பா" என்றாள் மகள். "அப்பாவுக்கு எங்க வேலைன்னு கேட்டாரு. பேஸ்மென்ட்னு சொன்னேன். அப்ப இது வேண்டாம்மா, வெயில்ல காட்டலேன்னா நின்னுடும், பேட்டரி போட்டதை வாங்கிக்கோன்னாரு. அதைக் கேட்டப்புறம்தான் இதை எடுத்தேன்."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"உங்களுக்காக ஏறுங்கன்னா ஏற மாட்டீங்க. நான் கொடுத்தது நின்னுபோச்சுன்னா ஏறுவீங்கன்னு தெரியும்" என்றாள் மகள்.

யாரையும் தலையில் கைவைத்துத் தடவிக்கொடுக்கிற பழக்கம் பாதாளத்துக்கு இல்லை, அன்றைக்கு மகள் தலையில் கைவைத்தார். மீட்டரில் ஒரு முள் துடித்தால் கண்டுபிடித்துவிடுகிற தனக்கு, இந்தப் பெண் தனக்காக இவ்வளவு தூரம் யோசித்தது கண்ணில் படவில்லையே என்று இருந்தது. நன்றி என்ற வார்த்தையை வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு வாட்சைத் துடைத்தார்.

லீவு முடிந்து மகள் ஊருக்குக் கிளம்பினபோது பட்டை லேசாகக் கிழிந்திருப்பதைப் பார்த்தாள். மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் டவர் மோட்டாரைப் பார்க்க ஏறிவந்த கரண்ட், பாதாளம் வெறுங்கையோடு, சட்டையைச் சுருட்டிக்கொண்டு வெயிலில் உலாவுவதைப் பார்த்தான்.

"வாட்ச் எங்கண்ணே?"

"பொண்ணு எடுத்துட்டுப் போயிருக்கா."

"அப்புறம் எதுக்கு மேல வந்தீங்க?"

"அவ வரச் சொல்லியிருக்கா" என்று சொல்லிவிட்டு பாதாளம் அடுத்த டவரைப் பார்க்க நடந்தார்.