தன் மண்ணைத் தானே ஈந்தவன்

கடலிலிருந்து எழுந்த ஈரக்காற்று செம்புக் கூரைகளின்மேல் தவழ்ந்து, கோபுர முடிகளை மூடுபனியால் போர்த்தி, வாய்க்கால்களில் கட்டப்பட்டிருந்த பாய்மரக் கலங்களை முனகச் செய்ய, கோபனேகன் மாநகரம் நண்பகலிலேயே விளக்கேற்றிக்கொண்டிருந்தது. அறிவுசால் படிப்பாளரே, அது ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்காம் ஆண்டின் நவம்பர்த் திங்கள். பனிக்காலத்தில் போர்ப்பாட்டு முழங்கிய அதே தெருக்களில் இப்போது மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது நடந்தனர். தோற்ற நாட்டின் பெருமன்றம், சிலேசுவிக் நிலம் முழுவதையும் பிரசியர் முதலான செருமானியப் பகைவருக்கு ஈயும் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளிப்பதற்காகக் கூடியிருந்த நாள் அது; மறுத்தால் மீண்டும் போர்.

மன்றத்தின் கற்படிகளில் தளர்ந்த நடையோடு ஏறியவர்களுள் ஒருவன் தெர்கெல். ஈயப்படவிருந்த அந்நிலத்தின் ஆதர்சிலெவ் நகருக்கு அண்மையில் உழுது வாழ்ந்தவன். அவ்வூர் மக்களே தேர்ந்து அனுப்பிய உறுப்பினன். சூன் திங்களில், நாட்டைக் கூறிட்டு அமைதி காணலாம் என்று அயல் அரசுகள் பேசிப் பார்த்த வேளையில், "ஒரு முழ மண்ணும் கொடோம்!" என்று இதே மன்றத்தில் இடியென முழங்கியவன் அவனே. அன்று நகரத்தார் அவனைத் தோளில் சுமந்தனர். பேச்சு முறிந்தது. சில நாள்களுக்குள், விடியுமுன்னே படகுகளில் நீரிணை கடந்த பகைவர் ஆல்சு தீவின் காவற்குழிகளைச் சூழ்ந்தனர். அங்கே வீழ்ந்தவர்களுள் தெர்கெலின் ஒரே மகன் ஓலுப்பும் ஒருவன். தந்தை தலைநகரில் இருக்க, தாய் சிசெல் பகைவரின் காவலரிடம் மன்றாடி, மீன்படகில் தீவுக்குச் சென்று, மகனைத் தனியளாய் மண்ணுக்கு அளித்து மீண்டாள். கணவனைக் குறைகூறி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே அவன் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று.

வாக்களிக்கும் கூடத்தின் வாயிலில், நகர வழக்கறிஞரான ஒல்கர் அவன் தோளைத் தொட்டார்.

"தெர்கெல், நீங்க மட்டும் 'இல்லை'ன்னு சொல்லிடுங்க. உங்க ஊரே போகுது, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. எப்படியும் இது நிறைவேறிடும். உங்க பேராவது மிஞ்சட்டும்."

"ஜூன்லயே என் பேரைக் காப்பாத்திக்கிட்டேன் ஐயா," என்றான் தெர்கெல். "பையனைத்தான் காப்பாத்தல."

பெயர்கள் அழைக்கப்பட்டன. தன் பெயர் வந்தபோது எழுந்து, கைகளால் முன்னிருந்த பலகையைப் பற்றிக்கொண்டு, அவன் "ஆம்" என்றான். பின்வரிசையில் எவரோ இருமினர். மறுநாளே தன் பதவியைத் துறந்து அவன் ஊருக்குப் புறப்பட்டான்.

வீட்டு வாயிலில் வண்டியினின்று அவன் இறங்குமுன்னே, வேலிக்கு அப்பாலிருந்து அண்டை வீட்டு மோர்ட்டன் கூவினான்.

"வாங்க, பெரிய மனுசரே! எங்களைத் தூக்கிக் குடுத்துட்டு வந்தாச்சா? நாளையிலேர்ந்து உங்களுக்குச் செருமானிய மொழியிலதான் வணக்கம் சொல்லணுமோ?"

தெர்கெல் இறங்கித் தன் பெட்டியைக் கீழே வைத்தான். கதவருகே நின்றிருந்த சிசெல் வேலிவரை வந்தாள்.

"மோர்ட்டன், உன் மவன் பேடர் எங்க?"

"உள்ள... கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கான். நேத்துதான் படையிலேர்ந்து அனுப்புனாங்க."

"எதனால அனுப்புனாங்கன்னு யோசிச்சுப் பாத்தியா? போ. போய் அவன் பக்கத்துல உக்காரு."

மோர்ட்டன் உள்ளே சென்றான். கணவனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிய சிசெல், மகனைப் புதைத்தபின் முதன்முறையாக அவனிடம் மனம் திறந்தாள்.

"ஜூன்ல நீங்க பேசுனப்ப நானும்தான் பெருமைப்பட்டேன். உங்க மேல மட்டும் பழியைப் போட்டுக்காதீங்க. உள்ள வாங்க, குளுருது."

அவன் வாசற்படியிலேயே அமர்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக் குலுங்கி அழுதான்.

புதிய எல்லைக்கு வடக்கே குடிபெயர விரும்புவோர்க்குத் தடையில்லை என்றிருந்தது. பேடரைப் பிரசியர் தம் படையில் சேர்த்துவிடுவரோ என்று அஞ்சிய மோர்ட்டன், அடுத்த வேனிலில் நிலத்தை விற்று வண்டி பூட்டினான். வேலியருகே வந்து தயங்கி நின்றான்.

"நீங்களும் வந்துடுங்களேன் தெர்கெல். அங்க உங்களைத் தெரியாதவங்க யாரு?"

"ஓலுப் இங்கதானே இருக்கான்," என்றான் தெர்கெல். "அவனை எந்த வண்டியில ஏத்துறது?"

வண்டி வடக்கு நோக்கிச் சென்றது. தெர்கெலும் சிசெலும் அயலான் கொடியின் கீழ் உழுதனர், அயலான் மொழியில் வரி கேட்டோர்க்கு வாய்திறவாது செலுத்தினர், ஆண்டுதோறும் சூன் இறுதியில் நீரிணை கடந்து தீவுக்குச் சென்று மீண்டனர். மன்றங்களில் முழங்கும் சொல்லுக்கு விலை கொடுப்போர் பெரும்பாலும் அம்மன்றங்களில் இருப்பதில்லை. இவ்விருவரோ அவ்விலையைத் தம் வாழ்நாள் முழுதும் கொடுத்தனர். ஆரவாரத்தோடு அவன் மொழிந்த "கொடோம்" என்பதை நகரம் சிலகாலம் பாடித் திரிந்து மறந்தது. தாழ்ந்த குரலில் அவன் சொன்ன "ஆம்" என்பதை எவரும் பாடவில்லை; அத்தகைய சொற்களால் போர் நின்று உயிர் பிழைத்த இளைஞர்களோ, அவன் பெயரையும் அறியாராய், மணந்து, மக்களைப் பெற்று, முதுமை எய்தினர்.