கோட்டை விட்டு விலகிய மோட்டார்

கம்ப்யூட்டரின் மேல்மூடியைக் கழற்றியதும் ஒரு கோழி இறகு பறந்து வந்து கயல்விழியின் மடியில் விழுந்தது. அதை எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த கணவன் மதியழகன் பார்க்கும்படி மேசையில் வைத்தாள். அவன் பார்த்தான்.

போன ஆடியில் சண்டை போட்டுக்கொண்டு அவள் ராசிபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போனபோது, இந்தப் பெட்டி படுக்கையறை ஜன்னலோரம் துணி போர்த்தி இருந்தது. இப்போது கோழிப்பண்ணையின் தீவன அறையில், மக்காச்சோள மூட்டைகளுக்கும் அரவை மெஷினுக்கும் நடுவில் கிடக்கிறது.

"ஏனுங்க, ஊட்ல எடமில்லையாக்கும்?"

"ஆளில்லாத சாமானை எங்க வெச்சா என்ன?"

வெளியே முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மாமியார் ராசம்மாள் குரல் கொடுத்தாள். "ஒரு வருசமா புருசன் தின்னானா, கெடந்தானான்னு கேக்கல. பொட்டிக்கு ஒடம்பு செரியில்லைன்னா மட்டும் பஸ்ஸேறி வந்தர்றா."

பெட்டி பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது, வேண்டியதை இங்கேயே உட்கார்ந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது ராசம்மாளின் உத்தரவு. கயல்விழிக்கு வேண்டியது ஆறு ஃபிளாப்பிகளில் இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவள் வரைந்த பட்டுச்சேலைக் கரைகள், முந்தானைகள் எல்லாம் அவற்றில்தான். ராசிபுரத்துத் தறிக்காரர் ஒருவர் அவளுடைய டிசைன்களை மட்டுமே வைத்துத் தறி ஏற்றச் சம்மதித்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வாய்ப்பு வேறொருவருக்கு. அது போனால் அம்மா வீட்டில் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது? இதே வாசலில் வந்து நிற்க வேண்டியதுதான்.

ஃபிளாப்பிகளைச் சேலத்தில் ஒரு கடையில் புது டிரைவில் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றுகூடப் படிக்கவில்லை. "எழுதின டிரைவுல, எழுதற படிக்கற ஹெட் கொஞ்சம் கோணலா இருந்திருக்கும்மா. அது எழுதினதை அதுதான் படிக்கும்" என்றார் கடைக்காரர்.

கோணல் எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் டிவிஎஸ் ஃபிஃப்டியை மதியழகன் ஓட்ட, அவள் பின்னால் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வர, ஆண்டகளூர் கேட் வேகத்தடையில் இருவரும் பெட்டியோடு விழுந்தார்கள். முழங்கையில் ரத்தம் ஒழுக அவன் முதலில் தூக்கியது பெட்டியைத்தான். அதைச் சொல்லிச் சொல்லி அவள் எத்தனை நாள் அவனைக் கிண்டல் செய்திருப்பாள்!

டிரைவுக்குள் தீவன மாவு அடையாகப் படிந்திருந்தது. மதியழகன் எழுந்து போய், லாரிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் குழாயை இழுத்து வந்தான்.

"தள்ளு. ஒரே அடி, அத்தனையும் போயிரும்."

"லாரி டயருன்னு நெனச்சீங்களா? ஹெட்டு பிஞ்சு வந்துரும். அக்கட்ட கொண்டுபோங்க."

"எங்க பண்ணையில வந்து என்னையே வெரட்டறியா?"

ஆனாலும் குழாயைக் கீழே போட்டான். கொஞ்ச நேரம் கழித்து, குஞ்சுகளின் கண்ணில் சொட்டு மருந்து விடும் புது பிளாஸ்டிக் குப்பி ஒன்றை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நன்றி சொல்ல அவளுக்கும் மனமில்லை. கொண்டு வந்திருந்த ஸ்பிரிட்டை அதில் நிரப்பி, பஞ்சுக்குச்சியில் சொட்டவிட்டு, ஹெட்டை மெல்லத் துடைத்தாள். காப்பி நிறத்தில் அழுக்கு வந்தது. பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்தாள். ஹெட் நகரும் தண்டில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டாள். ஒன்றும் எழுதாத ஃபிளாப்பி ஒன்றை முதலில் போட்டு எடுத்து, தகட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை.

பிறகுதான் முதல் ஃபிளாப்பி. டிரைவ் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. திரையில் ஒரு கரை விரிந்தது. வரிசையாகச் சேவல்கள். அவனைச் சீண்டுவதற்காகவே ஒரு மழைநாளில் வரைந்தது. மதியழகனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவள் பார்ப்பது தெரிந்ததும் இறுகிக்கொண்டது. அந்த ஃபிளாப்பியில் இருந்ததையெல்லாம் அவள் பென் டிரைவுக்கு மாற்றினாள்.

அவன் குனிந்து டிரைவுக்குள் பார்த்தான். பண்ணையில் ஒரு தண்ணீர்க் குழாய் விரற்கடை சாய்ந்திருந்தாலும் அதை நிமிர்த்தாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"இந்தக் குட்டி மோட்டாரு கம்பெனிக்காரன் போட்ட கோட்டை உட்டு வெலகிக் கெடக்குது."

"தெரியும். தொடாதீங்க."

மேசையிலிருந்த திருப்புளி அவன் கைக்குப் போயிருந்தது.

"திருகாணியைத் தளர்த்தி, கோட்டுக்குத் தள்ளுனா?"

"ஹெட்டு நேராயிரும்."

"அப்பறம்?"

"இனிமே எழுதறதை எந்த டிரைவும் படிக்கும். பழசை இதுகூடப் படிக்காது."

"மீதி அஞ்சும்?"

"அஞ்சுந்தான்."

திருப்புளியின் முனை திருகாணியின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"அப்ப நீ போவ மாட்டே."

"போவேனுங்க. வெறுங்கையோட போவேன்."

அவன் கை நகரவில்லை. அவள் இரண்டாவது ஃபிளாப்பியை எடுத்து, அந்தக் கைக்குக் கீழாகவே உள்ளே தள்ளினாள். டிரைவ் படிக்கத் தொடங்கி, பச்சை விளக்கு எரிந்தது.

"கோழிக்குத் தீவனம் வேண்டாமா? பொட்டியையே அரைச்சுப் போடறதா?" ராசம்மாள் உள்ளே வந்து அரவை மெஷினின் சுவிட்சைத் தட்டினாள். அறை அதிர்ந்தது. மக்காச்சோள மாவு புகையாகக் கிளம்பி, திறந்து கிடந்த டிரைவை நோக்கி இறங்கியது.

"அத்தை, நிறுத்துங்க!"

மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கயல்விழி முந்தானையை உதறி விரித்து டிரைவின் மேல் போர்த்தினாள். அதன் அடியில் அவன் கையும் திருப்புளியும் அகப்பட்டுக்கொண்டன. அவன் இழுத்துக்கொள்ளவில்லை. துணிக்குக் கீழே அந்தக் கை சும்மா இருக்கிறதா, திருகுகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரு ஓரங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மாவு அவள் தலையிலும் அவன் தோளிலும் படிந்துகொண்டிருக்க, முந்தானையின் நூல்களுக்கிடையே பச்சை வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்தது.